பாக்கெட் இல்லாத சட்டை

என்னிடம் இருக்கும் ஏழு சட்டைகளில் ஒன்றுக்கும் பாக்கெட் கிடையாது. தையல்காரர் மேல் தப்பில்லை. நானே கத்தரிக்கோலை எடுத்து உட்கார்ந்து, ஏழு பாக்கெட்டையும் வெட்டி எடுத்தேன். வெட்டிய இடத்தில் நூல் தொங்குகிறது. சட்டை முழுக்க வெளுத்துப்போயிருக்க, அந்தச் சதுரம் மட்டும் புதுத்துணி மாதிரி பளிச்சென்று தெரிகிறது. ஷிப்ட் பஸ்ஸில் ஏறினால் எல்லார் கண்ணும் முதலில் அங்கேதான் போகிறது.

"என்னாய்யா தனகோட்டி, பேனாவ எங்க சொருவுவ?" என்று கேட்கிறார்கள். காதில் சொருகிக்கொள்கிறேன், உனக்கென்ன போச்சு? நைட் ஷிப்ட் பார்த்துப் பார்த்து எனக்கு மண்டை குழம்பிவிட்டது என்று முதுகுக்குப் பின்னால் பேசுவதும் தெரியும். நாலு மாதமாகப் பேசுகிறார்கள். ஒரே தடவை முழுசாகச் சொல்லிவிடுகிறேன். அதற்கப்புறமும் சிரிக்கத் தோன்றுகிறவன் சிரித்துக்கொள்ளட்டும்.

நான் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பார்க்கிறவன். பதினாலு வருஷ சர்வீஸ். மூன்று ஷிப்டும் மாறி மாறி வரும். நைட் ஷிப்ட் என்றால் ராத்திரி பத்து மணிக்கு வேலைக்குப் போய், காலை ஆறுக்கு முடித்து, வீடு வந்து சேர ஏழு ஆகிவிடும். ஊரே பல் விளக்கிக்கொண்டிருக்கும்போது நான் படுக்க வேண்டும். பகல் தூக்கத்தின் கஷ்டம் அதைத் தூங்கிப் பார்த்தவனுக்குத்தான் தெரியும். மிக்ஸி ஓடும், சிலிண்டர் உருளும், யாராவது யாரையாவது கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். சரியாகத் தூங்காமல் போய் ஓடுகிற பெல்ட் பக்கத்தில் நின்றால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை. இதை நான் இன்றைக்கும் மறுக்கவில்லை.

அதனால் எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசையில் ஒரு வழக்கம் உண்டு. நைட் ஷிப்ட் முடித்து வந்தவர் பழைய மஞ்சள் ஹெல்மெட் ஒன்றை வாசல் கேட்டில் மாட்டிவிட்டுப் படுப்பார். ஹெல்மெட் தொங்கினால் கீரைக்கார அம்மா அந்த வீட்டைத் தாண்டும்வரை கூவ மாட்டார். சிலிண்டர்காரர் உருட்டாமல் தூக்கிக்கொண்டு வந்து வைப்பார். பிள்ளைகள் பந்தை எடுத்துக்கொண்டு அடுத்த வரிசைக்கு ஓடும். யார் ஆரம்பித்தது என்று தெரியாது. மீறினவர் யாரும் இல்லை.

இதற்கெல்லாம் தலைவர் எங்கள் பக்கத்து வீட்டுக் கொளஞ்சிநாதன் அண்ணன். என் செக்‌ஷனில் ஷிப்ட் இன்சார்ஜும் அவர்தான். எனக்கு லீவு வேண்டுமென்றால் அவர் முகத்தைத்தான் பார்க்க வேண்டும். அவர் தூங்கும்போது வரிசையில் எந்தக் குழந்தையாவது அழுதால் ஜன்னல் கதவைப் படாரென்று சாத்துவார். அந்தப் படார் மட்டும் சத்தத்தில் சேர்த்தி இல்லை!

எனக்கும் மலர்விழிக்கும் ஒரே மகள். அம்சவல்லி. நாலரை வயசுக்கு அந்தப் பேர் நீளம் என்று அம்சு ஆனாள். பிறந்த அன்றைக்கே அவள் குரல் வார்டையே எழுப்பியது. சிரித்தாலும் அப்படித்தான், அழுதாலும் அப்படித்தான். பொம்மையைக் குளிப்பாட்டினால்கூட தெருவுக்கே தெரிகிற மாதிரி அதட்டி அதட்டிக் குளிப்பாட்டுவாள்.

ஒரு நாள் நைட் முடித்துப் படுத்து, கண் சொருகிய நேரம். கூடத்தில் ஏதோ பாட்டுப் பாடிக்கொண்டு குதித்தாள். எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ! எழுந்து வந்து, "இன்னொரு சத்தம் வந்துச்சி, வெளிய தள்ளி கதவ சாத்திருவேன்!" என்று கத்தினேன். பிள்ளை நின்ற இடத்திலேயே மூத்திரம் போய்விட்டது. மலர்விழி தரையைத் துடைத்தாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

வெட்கமாகத்தான் இருந்தது. இனிமேல் மிரட்டக் கூடாது என்று முடிவு செய்தேன். மிரட்டாமல், அடிக்காமல் பிள்ளையை அமைதியாக வைத்திருக்க ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்தேன். கண்டுபிடித்தேன் என்ன, அதற்குப் பெருமை வேறு பட்டுக்கொண்டேன், மடையன்.

விளையாட்டு இதுதான். நைட் முடித்து நான் வந்ததும் அம்சு என் முன்னால் வந்து நிற்பாள். உதட்டின் மேல் இரண்டு விரலை வைத்து, 'டக்' என்று சொல்லி, பூட்டுப் பூட்டுவதுபோல் திருப்புவாள். அப்புறம் அந்த இல்லாத சாவியை என் சட்டைப் பாக்கெட்டில் போடுவாள். நான் தூங்கி எழுந்ததும் பாக்கெட்டில் கைவிட்டுச் சாவியை எடுத்து அவள் வாயைத் திறந்துவிட வேண்டும். அதுவரை கிசுகிசு என்று ரகசியம் பேசலாம். குரல் வரக் கூடாது.

என்ன அருமையாக வேலை செய்தது தெரியுமா! ஒரே வாரத்தில் வீடு அடங்கிவிட்டது. பகலில் அம்சு ஏதாவது சொல்ல ஓடிவந்தால், "அப்பா எழுந்ததும் சொல்லு கண்ணு" என்பேன். சாயங்காலம், "காலையில என்னமோ சொல்ல வந்தியே?" என்று கேட்பேன். யோசித்துப் பார்த்துவிட்டு, "மறந்து போச்சு" என்பாள். நானும் சரி என்று டீயைக் குடிப்பேன். பார்க்குக்குப் போகலாம் என்றால் வார ஆஃப் வரட்டும். ஆஃப் அன்றைக்குக் கேட்டால் அப்பாவுக்கு உடம்பு அலுப்பு, அடுத்த ஆஃப். அவளுடைய எல்லாமே நான் எழுந்த பிறகுதான் நடக்க வேண்டும் என்று ஆகியிருந்தது. எனக்கு அது ஒரு தப்பாகவே தெரியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மலர்விழிக்குக் குறிஞ்சிப்பாடியில் சொந்தக்காரர் வீட்டு வளைகாப்பு. அம்சுவுக்குச் சளி பிடித்திருந்தது, கூட்டத்தில் வேண்டாம் என்று வீட்டில் விட்டுப் போனாள். கிண்ணத்தில் இட்லி, தம்ளரில் தண்ணீர், தரையில் பொம்மைகள். "அப்பா தூங்கறாரு. சமத்தா வெளையாடிக்கினு இரு. ரெண்டு மணிக்கெல்லாம் வந்துருவேன்" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினாள். அம்சு வாயைப் பூட்டி என் பாக்கெட்டில் சாவியைப் போட்டாள். நான் சட்டையைக் கழற்றிச் சுவரில் ஆணியில் மாட்டிவிட்டு, கேட்டில் ஹெல்மெட்டையும் மாட்டிவிட்டுப் படுத்தேன். நல்ல தூக்கம். அப்படி ஒரு தூக்கம் அந்த மாதத்திலேயே தூங்கவில்லை.

முழிப்பு வந்தபோது மணி பன்னிரண்டரை. சட்டை மாட்டியிருந்த சுவருக்குக் கீழே அம்சு தரையில் உட்கார்ந்திருந்தாள். முழங்காலைக் கட்டிக்கொண்டு, என்னையே பார்த்துக்கொண்டு. நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அப்புறம்தான் கவுனைப் பார்த்தேன். மடியெல்லாம் ரத்தம். காய்ந்து கறுப்பாகி இருந்தது. வலது கையின் நடுவிரலைக் கவுன் துணிக்குள் சுருட்டி வைத்திருந்தாள். பிரித்துப் பார்த்தேன். நகம் பாதி பெயர்ந்து தொங்கியது.

"என்னாடி ஆச்சி? ஐயோ, என்னாடி ஆச்சி?"

"பீரோ கதவுல மாட்டிக்கிச்சி," என்றாள். ரகசியக் குரலில்.

"எப்ப?"

"இட்லி சாப்ட்டப்பறம்."

இட்லி சாப்பிட்டது பத்து மணிக்கு இருக்கும். இரண்டரை மணி நேரம்!

"ஏன்டி என்னை எழுப்பல?"

"நீ தூங்கிக்கினு இருந்த."

"கத்தி அழுதிருக்கலாம் இல்ல? அழுதிருந்தா நானே எழுந்திருப்பேன் இல்ல?"

என்னைப் பார்த்தாள். இவ்வளவுகூடத் தெரியவில்லையா இந்த அப்பாவுக்கு என்கிற மாதிரி ஒரு பார்வை. ரகசியமாகவே சொன்னாள்.

"சாவி உன் பாக்கெட்ல இருக்கு. எட்டல."

நிமிர்ந்து சுவரைப் பார்த்தேன். சட்டையின் கீழ் ஓரத்தில் சின்னச் சின்னதாய் ரத்தக் கறை. அதற்குக் கீழே சுண்ணாம்புச் சுவரில் மூன்று விரல் இழுத்த தடம். எட்டி எட்டிப் பார்த்திருக்கிறாள். அழுவதற்குச் சாவி எடுக்க எகிறி எகிறிக் குதித்திருக்கிறது என் பிள்ளை, அதுவும் சத்தம் வராமல்.

அன்றைக்கு நான் எப்படி வண்டி ஓட்டினேன் என்று தெரியாது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, மீதி நகத்தை எடுத்து, சுத்தம் செய்து கட்டினார்கள். கண்ணில் தண்ணீர் நிற்கிறது, வாய் இறுக்கி மூடியிருக்கிறது, ஒரு சத்தம் இல்லை. டாக்டர் அசந்துபோனார். "பெரியவங்களே இதுக்குக் கத்துவாங்க. இப்பிடி ஒரு தைரியசாலிய நான் பார்த்ததே இல்ல!" என்றார். நர்ஸ் கன்னத்தைக் கிள்ளி மிட்டாய் கொடுத்தார். வரிசையில் இருந்த ஒரு அம்மா தன் பையனிடம், "பாரு அந்தப் பாப்பாவ, அழுவுதா பாரு" என்று காட்டினார். அது தைரியம் இல்லை, அவள் வாயை நான் பூட்டி வைத்திருக்கிறேன் என்று அத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வது? மிட்டாயை வாங்கிக்கொண்டு வந்தேன்.

நான் போன் போட்டதும் வளைகாப்பிலிருந்து மலர்விழி நேராக ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தாள். பிள்ளையை வாங்கி அணைத்துக்கொண்டு அவள்தான் அழுதாள். சாயங்காலம் முகம் கழுவிவிடும்போது அம்சு என் முழங்காலைத் தட்டி, உதட்டைக் காட்டி, சாவி திருப்புவதுபோல் செய்தாள். அடப் பாவி! இருந்த பதற்றத்தில் நான் அவள் வாயைத் திறந்துவிடவே மறந்திருக்கிறேன். காலையிலிருந்து அதுவரைக்கும் அவள் ரகசியமாகத்தான் பேசியிருக்கிறாள். ஓடிப்போய்ச் சட்டையிலிருந்து எடுப்பதுபோல் எடுத்துத் திறந்துவிட்டேன். இப்போது அழுவாள், நன்றாக அழட்டும் என்று காத்திருந்தேன்.

"பசிக்குது," என்றாள், சாதாரணக் குரலில்.

அவ்வளவுதான். அழவேண்டிய நேரம் வந்து, நின்று பார்த்துவிட்டு, போய்விட்டது. அன்றைக்கும் அழவில்லை, மறுநாளும் அழவில்லை. தூக்கத்தில் வலி வந்தால் போர்வையைக் கடித்துக்கொள்கிறாள் என்று மலர்விழி சொன்னாள். "எனக்குப் பயமா இருக்குங்க. இவ இனிமே எதுக்கும் அழமாட்டாளோ?" என்றாள். எனக்கு மட்டும் பயம் இல்லையா? நாளைக்கு இவளை ஒருவன் ஏதாவது செய்தாலும், சாவி எங்கே என்று தேடிக்கொண்டு சத்தம் வராமல் நிற்பாளே!

திங்கட்கிழமை காலை, நைட் ஷிப்ட் முடிந்து வரும் பஸ்ஸில் கொளஞ்சிநாதன் அண்ணன் எழுந்து நின்று எல்லாருக்கும் கதை சொன்னார். "நகமே பேந்து தொங்குது. மூச்சு விடலயே! அப்பன் தூங்கறான்னு ரெண்டரை மணி நேரம் ஒக்காந்திருக்குது. சிங்கக்குட்டிய்யா! என் பேரனும் இருக்கறானே, எறும்பு கடிச்சா ஊரக் கூட்டுவான்." பஸ் முழுக்கத் தலையாட்டியது. ஒருவர் என் தோளைத் தட்டி, "குடுத்து வச்சவன்யா நீ" என்றார்.

"அது பெருமை இல்லண்ணே," என்றேன்.

"பின்ன? நாலரை வயசுல இந்தப் பொறுப்பு யாருக்கு வரும்?"

"வரக் கூடாதுண்ணே. நாலரை வயசுல அது வரவே கூடாது."

நான் தூக்கக் கலக்கத்தில் உளறுகிறேன் என்று விட்டுவிட்டார்கள்.

வீட்டுக்குள் நுழைந்தேன். அம்சு ஓடிவந்தாள். கட்டுப்போட்ட கையாலேயே உதட்டில் 'டக்' என்று பூட்டினாள். என் சட்டைப் பாக்கெட்டில் போடக் கையை நீட்டினாள்.

"வேணாம் கண்ணு. இன்னைக்குப் பூட்டு வேணாம்."

"அப்ப நீ எப்பிடித் தூங்குவ?" என்று ரகசியமாகக் கேட்டாள். என் தூக்கத்துக்கு அவளுக்குக் கவலை. நான் தடுக்கத் தடுக்க என் மேல் ஏறி, சாவியைப் பாக்கெட்டில் போட்டு, மேலே ஒரு தட்டுத் தட்டிவிட்டு இறங்கினாள்.

அப்போதுதான் கத்தரிக்கோலை எடுத்தேன். போட்டிருந்த சட்டையைக் கழற்றி முதலில் அதை வெட்டினேன். அப்புறம் பீரோவைத் திறந்து ஒவ்வொன்றாக. யூனிஃபார்ம் சட்டை, தீபாவளிச் சட்டை, மச்சான் கல்யாணத்துக்கு எடுத்தது, எதையும் விடவில்லை. மலர்விழி சமையலறையிலிருந்து வந்து தலையில் கை வைத்தாள்.

"பைத்தியம் கியித்தியம் புடிச்சிருச்சா உங்களுக்கு? அது புதுச் சட்டைங்க!"

"ஆமா, புடிச்சிருச்சி. தள்ளு."

அம்சு பக்கத்தில் உட்கார்ந்து, விழுகிற பாக்கெட்டுகளைப் பொறுக்கி அடுக்கினாள். பொம்மைகளுக்குப் பாய் ஆகும் என்றாள். "அப்ப சாவிய எங்க வைப்ப?" என்று கேட்டாள்.

"இனிமே சாவியே கெடையாது. என்னா சொல்லணுமோ அப்பவே சொல்லு."

நம்பாமல் பார்த்தாள். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, என் காதோரம் வந்து, "முருங்க மரத்துல ஒரு ஓணான் இருக்குது. இப்பவே இருக்குது" என்றாள். அப்பா எழுந்ததும் காட்டு என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. பழக்கதோஷம். அதை முழுங்கிவிட்டு எழுந்து போனேன். வெறும் காலோடு, கண்ணெல்லாம் திகுதிகுவென்று எரிய, முருங்கை மரத்தடியில் நின்றேன். ஓணான் தலையை ஆட்டியது. அவளும் தலையை ஆட்டினாள். கொஞ்ச நேரம் கழித்து நானும் ஆட்டினேன். அரைமணி நேரம் நின்றோம். ஓணான் கழுத்தில் செங்கல் நிறம் ஏறி ஏறி இறங்குவதை என் நாற்பது வயசில் அன்றைக்குத்தான் பார்த்தேன். இத்தனை நாள் சாயங்காலம் 'மறந்து போச்சு' என்று இவள் சொன்னதெல்லாம் இப்படி எத்தனையோ, எனக்குத் தெரியாது.

ஆனால் அன்றைக்கும் அவள் குரல் எழும்பவில்லை. பேசினாள், சிரித்தாள், எல்லாம் பாதிக் குரலில். அழுகை வரவே இல்லை.

புதன்கிழமை கட்டு மாற்ற வேண்டும். கொளஞ்சிநாதன் அண்ணன் மனைவி காந்திமதி அக்கா ஒரு கிளினிக்கில் நர்ஸ். "அதுக்காக எதுக்கு ஆஸ்பத்திரிக்கு அலையணும்? காலையில எட்டு மணிக்குக் கூட்டியா, டூட்டிக்குப் போறதுக்கு முன்னாடி நானே கட்டி விட்டுடறேன். நம்ம அம்சுதான் சத்தமே போடாதே" என்றார். நல்ல மனசு அவருக்கு. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

எட்டு மணிக்கு அம்சுவைக் கூட்டிக்கொண்டு போனேன். அண்ணன் அப்போதுதான் படுத்திருந்தார். கேட்டில் மஞ்சள் ஹெல்மெட் தொங்கியது. அதைப் பார்த்ததும் அம்சு என் கையை விட்டுவிட்டு நுனிக்காலில் நடக்க ஆரம்பித்தாள். வராந்தாவில் ஸ்டூலில் உட்காரவைத்தோம். அக்கா பஞ்சு, மருந்து, கத்தரி எல்லாம் எடுத்துவைத்தார். அம்சு இடது கையால் உதட்டில் 'டக்' என்று பூட்டினாள். சாவியை இரண்டு விரலில் பிடித்துக்கொண்டு என் நெஞ்சுக்குக் கையைக் கொண்டுவந்தாள். பாக்கெட் இருந்த இடத்தில் தடவினாள். மேலே தேடினாள், கீழே தேடினாள். சாவி விரலிலேயே நின்றது.

"என்னடா தேடற? ஒண்ணும் இல்ல, வலிக்கவே வலிக்காது," என்றார் அக்கா.

"வலிக்கும்டி," என்றேன் நான். "துணி புண்ணுல ஒட்டியிருக்குது. எடுக்கறப்ப நல்லா வலிக்கும். வலிச்சா அழு."

அக்கா என்னை முறைத்தார். "கொழந்தைய பயமுறுத்தறியே தம்பி" என்று முணுமுணுத்துக்கொண்டே மருந்தை ஊற்றி நனைத்து, ஓரத்தைப் பிடித்து இழுத்தார்.

அம்சுவின் விரல் இரண்டும் விரிந்தன. சாவி கீழே விழுந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், விழுந்ததை நான் பார்த்தேன். முகம் சிவந்து, வாய் கோணி, மூச்சு உள்ளே போய்க்கொண்டே இருந்தது. வெளியே வரவில்லை. அப்புறம் வந்ததே பார்க்கணும்! "ஆஆஆ" என்று ஒரு குரல். வாசல் மாமரத்துக் காக்கையெல்லாம் எழும்பிப் பறந்தது. வரிசையில் எட்டு வீட்டுக்கும் கேட்டிருக்கும். நாலு நாள் அழுகை, அதற்கு முன்னால் எத்தனை மாத அழுகையோ, மொத்தமும் அந்த வராந்தாவில் கொட்டியது.

"ஷ்ஷ்! பெரியப்பா தூங்கறாங்கடா! ஷ்ஷ்!" என்று அக்கா அவள் வாயைப் பொத்தக் கையைக் கொண்டுவந்தார். நான் அந்தக் கையைத் தடுத்தேன்.

"அழட்டும்க்கா."

கதவு திறந்தது. லுங்கியும் பனியனுமாக, கண் சிவந்து, கொளஞ்சிநாதன் அண்ணன் வந்து நின்றார்.

"தனகோட்டி! கேட்டுல என்னா மாட்டியிருக்குதுன்னு கண்ணு தெரியல?"

"தெரியுதுண்ணே."

"தெரிஞ்சிமா? அடச்சீ, அம்சுவா அழறது? சிங்கக்குட்டின்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு இருக்கறேன், நீயா அழற? மூடு வாய. மூடு மூடு."

"அவள வாய மூடுன்னு சொல்லாதீங்கண்ணே."

பதினாலு வருஷத்தில் அவரிடம் நான் குரலை உயர்த்தியதில்லை. அன்றைக்கு உயர்ந்தது. அம்சுவின் குரலுக்கு மேல் கேட்க வேண்டுமே.

"தூங்கறவன எழுப்பிட்டு எங்கிட்டயே எகிர்றியா? அழணும்னா உன் வூட்டுக்கு இட்டுக்கினு போயி, நாங்கல்லாம் எழுந்தப்பறம் அழச் சொல்லு!"

"அப்பறமா எப்பிடிண்ணே அழறது? வலி இப்ப வருது, அழுவையும் இப்பதான் வரும். ஞாயித்துக்கெழம நான் எழுந்திருக்கட்டும்னு தள்ளி வச்சா. எழுந்தேன். அப்பறம் வரவே இல்ல. நாலு நாளா வரல. இப்பதான் வந்திருக்குது. இத நான் நிறுத்த மாட்டேன்."

"ராத்திரி பெல்ட்டு பக்கத்துல நான் தூங்கி விழுந்தா நீ பொறுப்பேத்துக்குவியா?"

நியாயமான கேள்விதான். அதனால் கையெடுத்துக் கும்பிட்டேன்.

"உங்க தூக்கத்துக்கு நான் மன்னிப்புக் கேக்கறேண்ணே. அவ அழுவைக்குக் கேக்க மாட்டேன்."

"இனிமே எங்கிட்ட லீவு கீவுன்னு வந்து நில்லு, அப்ப பேசிக்கறேன்!"

"சரிங்கண்ணே."

அதற்குள் வரிசையில் கேட்டுகள் திறந்தன. நைட் ஷிப்ட் முடித்துப் படுத்த இன்னும் இரண்டு பேர் கண்ணைக் கசக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். மலர்விழி அடுப்பை விட்டுவிட்டு ஓடிவந்தாள். அவளும் பிள்ளையை அடக்கிவிடுவாளோ என்று எனக்குத் திக்கென்றது. அவள் அண்ணனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அம்சுவுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள். "அழுடி என் தங்கம். நல்லா அழு" என்றாள்.

அம்சு அழுதாள். நான் காக்கையைக் காட்டவில்லை, மிட்டாய் வாங்கித் தருகிறேன் என்று சொல்லவில்லை, சரியாகிவிடும் என்றும் சொல்லவில்லை. அக்காவும் வாயைத் திறக்காமல் மருந்து வைத்துக் கட்டி முடித்தார். கட்டி முடித்த பிறகும் அழுதாள். அப்புறம் அவளாகவே தேம்பினாள். தேம்பல் குறைந்தது. மூக்கை என் சட்டையில், பாக்கெட் இருந்த அந்த இடத்தில் நன்றாகத் துடைத்தாள். கீழே குனிந்தாள்.

"சாவி?" என்றாள்.

ஸ்டூலிலிருந்து இறங்கித் தரையில் தேட ஆரம்பித்தாள். ஸ்டூலுக்கு அடியில் பார்த்தாள். பஞ்சை நகர்த்திப் பார்த்தாள். நகர்ந்து நகர்ந்து கொளஞ்சிநாதன் அண்ணன் கால்கிட்ட வந்தாள். அவர் பாதத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அண்ணனுக்கு என்ன ஏது என்று புரியவில்லை. ஆனால் காலைத் தூக்கினார். அங்கே ஏதோ இருக்கிறது, மிதித்துவிட்டோம் என்பதுபோலப் பதறி, ஒற்றைக் காலில் நின்றார்.

அம்சு அதை எடுத்தாள். இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்து ஊதினாள். என் நெஞ்சைப் பார்த்தாள். அங்கே இடம் இல்லை. அம்மாவைப் பார்த்தாள்.

"இத என்னாப்பா பண்றது?" என்றாள். ரகசியக் குரல் இல்லை.

"உன்னுதுதான. உனக்கு என்னா தோணுதோ பண்ணு."

யோசித்தாள். வாயை அகலத் திறந்து சாவியை உள்ளே போட்டாள். கடக் கடக் என்று மென்றாள். கழுத்தை நீட்டி, கண்ணை மூடி, ஒரே முழுங்கு.

"முழுங்கிட்டேன்!" என்று கத்தினாள். "போச்சி! இனிமே யார்கிட்டயும் கெடையாது!"

கேட்டில் ஹெல்மெட் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. கொளஞ்சிநாதன் அண்ணன் தூக்கிய காலை மெதுவாகக் கீழே வைத்தார். அவளை உஷ் என்று சொல்ல அங்கே யாரும் வாயைத் திறக்கவில்லை.